வேண்டாத இயங்குதளம்: நீக்கலாமா, ஒதுக்கி வைக்கலாமா, மொத்தமாகத் துடைக்கலாமா?

ஒரே மடிக்கணினியில் விண்டோஸும் உபுண்டு லினக்ஸும் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒன்றைத் தினமும் திறக்கிறோம். மற்றதைத் திறந்து மாதக்கணக்கில் ஆகிறது. 256 ஜிபி எஸ்எஸ்டியில் இடம் தீர்ந்துபோய் எச்சரிக்கை வரும் நாளில்தான் அந்த இரண்டாவது இயங்குதளத்தின் நினைவே வருகிறது. யாரைக் கேட்டாலும் சொல்வது ஒன்றுதான்: அந்த பார்ட்டிஷனை, அதாவது வட்டில் அது இருக்கும் பகுதியை, அழித்துவிடு. அது பாதி வேலை. அதுவும் பின்பாதி. முன்பாதியைச் செய்யாமல் அதில் கை வைத்தவர்கள்தான் கறுப்புத் திரையைப் படம் பிடித்து நண்பர்களுக்கு அனுப்பிக்கொண்டிருப்பார்கள்.

தமிழ்நாட்டுக்கு இது புதிய கேள்வியும் அல்ல. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த பல கணினிகளில் விண்டோஸோடு, இந்திய அரசின் கணினி ஆராய்ச்சி நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. பாஸைத் தூக்கிவிட்டு அந்த இடத்தையும் விண்டோஸுக்கே கொடுக்க நினைத்த மாணவர்கள் நிறையப் பேர். இன்று காற்று எதிர்த்திசையிலும் அடிக்கிறது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைச் செயலியாவது வேண்டும். அதற்கு முந்தைய கணினி வைத்திருப்பவர்கள் லினக்ஸை வைத்துக்கொண்டு விண்டோஸை அனுப்பிவிடலாமா என்று யோசிக்கிறார்கள்.

ஆக, வழிகள் ஐந்து. எதையும் நீக்காமல் ஒன்றை ஒதுக்கி வைக்கலாம். லினக்ஸை நீக்கலாம். விண்டோஸை நீக்கலாம். இரண்டையும் துடைத்துவிட்டு வேண்டியதை மட்டும் புதிதாக நிறுவலாம். வேண்டாததை வேண்டியதற்குள்ளேயே ஒரு மெய்நிகர் இயந்திரமாக, அதாவது கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினியாக, குடிவைக்கலாம். எது சரி என்பது உங்களுக்கு எந்த இயங்குதளம் பிடிக்கும் என்பதைப் பொறுத்ததல்ல. கணினியை இப்போது கிளப்புவது எது, வட்டின் பகுதிகளை வரிசையாகக் காட்டும் படத்தில் எது எதற்கு இடப்பக்கம் இருக்கிறது என்ற இரண்டு விவரங்களைப் பொறுத்தது.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவை

விண்டோஸில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று தேடித் திறந்தால் 'பயாஸ் மோடு' என்றொரு வரி இருக்கும். அதில் யுஇஎஃப்ஐ என்றோ லெகசி என்றோ போட்டிருக்கும். இந்த ஒரு சொல் மீதிக் கதையையே மாற்றிவிடும்.

லெகசி என்றால் பழைய முறை. வட்டின் முதல் 512 பைட்டுகளுக்குள் கணினியைத் துவக்கும் நிரல் இருக்கிறது. அதிலும் நிரலுக்குக் கிடைப்பது 446 பைட்டுகள்தான். மீதியில் பார்ட்டிஷன் அட்டவணை உட்கார்ந்திருக்கிறது. அந்தச் சின்ன இடத்தில் லினக்ஸின் துவக்க நிரலான கிரப் தன் முதல் துண்டை மட்டும் வைத்துவிட்டு, பெரும்பகுதியை லினக்ஸ் பார்ட்டிஷனுக்குள் வைத்திருக்கும். லினக்ஸ் பார்ட்டிஷனை அழித்தால் முதல் துண்டு மட்டும் அநாதையாக நிற்கும். அடுத்த முறை கணினியைப் போட்டதும் 'கிரப் ரெஸ்க்யூ' என்று எழுதிவிட்டு நின்றுவிடும். விண்டோஸ் உள்ளே நலமாகத்தான் இருக்கிறது, அதைக் கூப்பிடத்தான் ஆளில்லை. வீட்டைக் காலி செய்யும் குடித்தனக்காரர் வாசல் சாவியையும் கையோடு எடுத்துக்கொண்டு போனதுபோல.

புதிய முறையான யுஇஎஃப்ஐயில் நிலைமை இவ்வளவு மோசமில்லை. வட்டில் இஎஃப்ஐ பார்ட்டிஷன் என்ற சிறிய பகுதி இருக்கும். விண்டோஸ் உருவாக்கியதென்றால் பெரும்பாலும் 100 எம்பி. அதற்குள் மைக்ரோசாஃப்டுக்கு ஒரு ஃபோல்டர், உபுண்டுவுக்கு ஒரு ஃபோல்டர். எதை முதலில் கிளப்ப வேண்டும் என்ற வரிசை மதர்போர்டின் நினைவகத்தில் பதிவாகியிருக்கும். உபுண்டு பார்ட்டிஷனை அழித்தாலும் அந்த ஃபோல்டரும் வரிசைப் பதிவும் அப்படியே இருக்கும். எனவே கிரப் எழுந்து, தன் அமைப்புக் கோப்பைக் காணாமல் விழிக்கும். இப்படி ஆகிவிட்டால் பயப்பட வேண்டியதில்லை. கணினியைப் போடும்போது துவக்கப் பட்டியலுக்கான விசையை அழுத்தி 'விண்டோஸ் பூட் மேனேஜர்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் விண்டோஸ் வந்துவிடும். டெல், லெனோவோ கணினிகளில் அது பொதுவாக எஃப்12, எச்பியில் எஃப்9, ஆசஸ் மடிக்கணினிகளில் எஸ்கேப்.

இன்னொன்று விண்டோஸின் வட்டுக் குறியாக்க வசதியான பிட்லாக்கர். விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி, மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்தாலே வட்டுக் குறியாக்கம் தானாக இயங்கிவிடுகிறது. துவக்க வரிசையில் கை வைத்த பிறகு 48 இலக்க மீட்புக் குறியீட்டைக் கேட்டு விண்டோஸ் நிற்கக்கூடும். அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று வேறொரு சாதனத்திலிருந்து முதலில் பார்த்து, தாளில் எழுதி வையுங்கள். பிறகு பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டு வேலையைத் தொடங்கலாம்.

ஒதுக்கி வைத்தல்

ஆண்டுக்கு இரண்டு முறை மட்டும் விண்டோஸ் தேவைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். டிஜிட்டல் கையொப்ப டோக்கன், டேலி, ஏதோ ஒரு பழைய பிரின்டரின் டிரைவர் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். இவர்களுக்கு நான் எதையும் நீக்கச் சொல்ல மாட்டேன். துவக்க வரிசையில் வேண்டியதை முதலில் வைத்து, கிரப் பட்டியல் காத்திருக்கும் நேரத்தைக் குறைத்துவிட்டால் இரண்டாவது இயங்குதளம் கண்ணில் படவே படாது. திரும்பப் பெற முடியாத எதையும் செய்யவில்லை என்பதுதான் இந்த வழியின் பலம்.

செலவு இல்லாமல் இல்லை. விண்டோஸ் 11 குறைந்தது 64 ஜிபி கேட்கிறது. உபுண்டுவுக்கு 25 ஜிபி வேண்டும். 1 டிபி வட்டில் இது பொருட்டல்ல, 256 ஜிபியில் விண்டோஸ் ஒன்றுக்கே கால் பங்கு போய்விடுகிறது. கடிகாரத் தொல்லை வேறு. லினக்ஸ் மதர்போர்டு கடிகாரத்தை உலக நேரமாகக் கொள்கிறது, விண்டோஸ் உள்ளூர் நேரமாகக் கொள்கிறது. ஆகவே இந்தியாவிலும் இலங்கையிலும் ஒன்றிலிருந்து மற்றதற்குப் போனால் மணி சரியாக ஐந்தரை மணி நேரம் தள்ளி நிற்கும். லினக்ஸையும் உள்ளூர் நேரத்துக்கு மாற்றிவிட்டால் இது தீரும்.

ஒதுக்கி வைத்தது சும்மா இருக்கும் என்றும் சொல்ல முடியாது. 2024 ஆகஸ்டில் விண்டோஸுக்கு வந்த ஒரு பாதுகாப்புப் புதுப்பிப்பு, செக்யூர் பூட் (நம்பகமான துவக்க நிரல்களை மட்டும் அனுமதிக்கும் பாதுகாப்பு) இயங்கிய, இரண்டு இயங்குதளங்கள் உள்ள பல கணினிகளில் லினக்ஸைக் கிளம்பவிடாமல் செய்துவிட்டது. பழைய, பலவீனமான துவக்க நிரல்களைத் தடுப்பதுதான் அதன் நோக்கம். இரண்டு இயங்குதளங்கள் உள்ள கணினிகளைத் தொடாது என்றுதான் மைக்ரோசாஃப்ட் சொல்லியிருந்தது. மாதக்கணக்கில் திறக்காத இயங்குதளத்தை என்றோ ஒருநாள் திறக்கும்போது இப்படி ஏதாவது காத்திருக்கும் என்ற கணக்கோடுதான் அதை வைத்திருக்க வேண்டும்.

நீக்குவதென்று முடிவு செய்தவர்களும் இந்தக் கட்டத்தைத் தாண்டித்தான் போக வேண்டும் என்பது என் பிடிவாதம். முதலில் வரிசையை மட்டும் மாற்றுங்கள். போக வேண்டியதன் உதவி இல்லாமல் இருக்க வேண்டியது தானாகக் கிளம்புகிறதா என்று சில வாரங்கள் பாருங்கள். அந்த வாரங்களில்தான் 'அடடா, அந்தக் கோப்பு அங்கே இருக்கிறதே' என்பதும் நினைவுக்கு வரும்.

லினக்ஸை நீக்குதல்

ஐந்து வழிகளில் மிக எளிது இதுதான். காரணம் வட்டின் அமைப்பு. பெரும்பாலோர் விண்டோஸ் இருந்த கணினியில் சி டிரைவைச் சுருக்கி, அதன் வலப்பக்கம் கிடைத்த இடத்தில் உபுண்டுவை நிறுவியிருப்பார்கள். உபுண்டு போனால் அந்த இடம் சி டிரைவை ஒட்டியே காலியாகும். விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில் 'எக்ஸ்டெண்ட் வால்யூம்' கொடுத்தால் ஒரு நிமிடத்தில் சேர்ந்துவிடும்.

லினக்ஸில் இருக்கும் கோப்புகளை விண்டோஸ் தானாகப் படிக்காது. ஆகவே லினக்ஸுக்குள் இருக்கும்போதே வேண்டியவற்றை வெளி வட்டுக்கு நகலெடுத்துக்கொள்ள வேண்டும். பதிவிறக்கங்களையும் படங்களையும் எல்லோரும் எடுத்துவிடுவார்கள். மறந்துபோவது பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்கள், வேறு கணினிகளில் நுழையப் பயன்படும் எஸ்எஸ்எச் விசைகள் போன்ற மறைந்த ஃபோல்டர்களில் இருப்பவை.

அடுத்து துவக்க வரிசை. யுஇஎஃப்ஐ என்றால் மதர்போர்டின் அமைப்புத் திரையில் விண்டோஸ் பூட் மேனேஜரை முதலிடத்துக்குக் கொண்டுவந்தால் போதும். லெகசி என்றால் விண்டோஸ் நிறுவல் பென் டிரைவிலிருந்து மீட்புக் கட்டளைத் திரைக்குப் போய், பூட்ரெக் கட்டளையால் முதல் 512 பைட்டில் விண்டோஸின் துவக்க நிரலைத் திரும்ப எழுத வேண்டும். பார்ட்டிஷனை அழிப்பது இதற்குப் பிறகுதான்.

டிஸ்க் மேனேஜ்மென்டில் லினக்ஸ் பகுதிகளுக்கு டிரைவ் எழுத்தும் இருக்காது, பெயரும் இருக்காது. விண்டோஸின் மீட்புப் பகுதியும் இஎஃப்ஐ பகுதியும்கூட எழுத்தில்லாமல்தான் நிற்கும். அவசரப்பட்டால் கை மாறி விழும். அவற்றுக்கு 'ரெகவரி', 'இஎஃப்ஐ சிஸ்டம்' என்ற அடையாளம் எழுதியிருக்கும், எழுதியிருப்பவற்றைத் தொடாதீர்கள். மீதியில் அளவைப் பார்த்து உபுண்டுவைக் கண்டுபிடிக்கலாம். பழைய நிறுவல்களில், ரேம் போதாதபோது உதவும் ஸ்வாப் என்று தனியாக ஒரு சின்னப் பகுதியும் இருக்கும். உபுண்டு 17.04 முதல் அதற்குப் பதிலாக ஒரு கோப்பே வழக்கமாகிவிட்டது. எம்பிஆர் என்ற பழைய பார்ட்டிஷன் அட்டவணை உள்ள வட்டில் லினக்ஸ் ஒரு எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷனுக்குள் இருந்திருந்தால், உள்ளிருப்பதை அழித்த பிறகு வெளிக் கூட்டையும் தனியாக அழித்தால்தான் இடம் உண்மையில் விடுபடும்.

சில கணினிகளில் 'எக்ஸ்டெண்ட் வால்யூம்' மங்கலாக, அழுத்த முடியாமல் இருக்கும். சி டிரைவுக்கும் காலி இடத்துக்கும் நடுவே மீட்புப் பகுதி உட்கார்ந்திருப்பதுதான் வழக்கமான காரணம். விண்டோஸுக்குத் தன்னை ஒட்டிய வலப்பக்க இடத்தை மட்டுமே சேர்த்துக்கொள்ளத் தெரியும். இதற்காக மீட்புப் பகுதியை நகர்த்தும் மென்பொருள்களைத் தேடிப் போகிறவர்கள் உண்டு. நான் அந்த இடத்தை டி டிரைவாக்கிப் படங்களையும் வீடியோக்களையும் அங்கே போடச் சொல்வேன். தனி டிரைவில் தரவு இருப்பது நல்லதும்கூட.

இஎஃப்ஐ பகுதியில் மிஞ்சியிருக்கும் உபுண்டு ஃபோல்டர் சில எம்பி மட்டுமே. துவக்கப் பட்டியலில் அந்தப் பெயர் தொடர்ந்து தெரிவது உறுத்தினால், நிர்வாகி உரிமையுள்ள கட்டளைத் திரையில் மவுன்ட்வால் கட்டளை மூலம் இஎஃப்ஐ பகுதிக்கு ஓர் எழுத்துக் கொடுத்து அந்த ஒரு ஃபோல்டரை மட்டும் நீக்கலாம். வரிசைப் பதிவை பிசிடிஎடிட் நீக்கித் தரும். உறுத்தவில்லை என்றால் விட்டுவிடுங்கள். அது யாருக்கும் கெடுதல் செய்வதில்லை.

விண்டோஸை நீக்குதல்

கேட்பதற்கு முந்தையதன் மறுபக்கம்போல் இருக்கும், ஆனால் உழைப்பு வேறு. துவக்கத்தைப் பொறுத்தவரை இதுவே சுலபம். கிரப் லினக்ஸுக்குச் சொந்தமானது, விண்டோஸ் போனாலும் அது நிற்கும். சிக்கல் இடத்தில்தான் வருகிறது. விண்டோஸ் இடப்பக்கம் இருக்கிறது, காலியாகும் இடமும் இடப்பக்கம்தான். லினக்ஸ் வழக்கமாகப் பயன்படுத்தும் எக்ஸ்ட்4 வகைப் பகுதியை வலப்பக்கமாக நீட்டுவது எளிது. இடப்பக்கமாக வளர வேண்டுமானால் முழுப் பகுதியையும் முதலில் நகர்த்த வேண்டும். லினக்ஸை நிறுவாமலே ஓட்டும் நேரலைப் பென் டிரைவிலிருந்து, ஜிபார்ட்டெட் என்ற பார்ட்டிஷன் கருவி அதைச் செய்யும். ஆனால் அங்கே இருக்கும் தரவெல்லாம் இடம் பெயர்ந்து எழுதப்படும். பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் பல மணி நேரம் ஓடும். நடுவில் மின்சாரம் போனால் தரவு போயிற்று. யுபிஎஸ் இல்லாத மேசைக்கணினியில் இதைத் தொடவே கூடாது.

இதற்கு ஒரு நல்ல மாற்று இருக்கிறது. லினக்ஸை நகர்த்தாமல், விண்டோஸ் இருந்த பகுதியை எக்ஸ்ட்4 ஆக மாற்றி, தரவுக்கான இடமாக இணைத்துக்கொள்வது. எந்தப் பகுதியை எங்கே இணைப்பது என்று லினக்ஸுக்குச் சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் ஒரு வரி சேர்த்தால் ஒவ்வொரு முறையும் தானாக இணைந்துவிடும். வீடியோ, இசை, மெய்நிகர் இயந்திரங்கள் எல்லாம் அங்கே போகலாம். விரும்பினால் ஹோம் ஃபோல்டரையே அங்கே மாற்றலாம். சில நிமிட வேலை, ஆபத்தும் குறைவு. 'ஒரே பெரிய பகுதியாக இருக்க வேண்டும்' என்ற ஆசையைத் தவிர இதை மறுக்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

எஃப்எஸ்டேப் பற்றிப் பேசும்போது இன்னொன்று. விண்டோஸ் டிரைவை லினக்ஸில் தானாக இணையும்படி முன்பே வைத்திருந்தவர்கள், அழிப்பதற்கு முன் அந்த வரியை நீக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த துவக்கத்தில் இல்லாத டிரைவுக்காக லினக்ஸ் 90 நொடி காத்திருந்துவிட்டு அவசர நிலைத் திரைக்குப் போய் நின்றுவிடும்.

அழிக்கக் கூடாதது இஎஃப்ஐ பகுதி. அதை விண்டோஸ்தான் உருவாக்கியிருக்கும், அதில் மைக்ரோசாஃப்ட் ஃபோல்டரும் இருக்கும். 'இதுவும் விண்டோஸுடையதுதானே' என்று தோன்றும். லினக்ஸும் அங்கிருந்துதான் கிளம்புகிறது. சி டிரைவ், மீட்புப் பகுதி, மைக்ரோசாஃப்ட் ரிசர்வ்டு என்ற 16 எம்பி துண்டு ஆகியவை போகலாம், இது மட்டும் இருக்க வேண்டும். பிறகு கிரப் பட்டியலைப் புதுப்பித்தால் விண்டோஸ் வரி மறைந்துவிடும். மதர்போர்டின் வரிசைப் பதிவை நீக்க லினக்ஸில் இருக்கும் கருவி இஎஃப்ஐ பூட் எம்ஜிஆர். பெயரின் கடைசி மூன்று எழுத்து நம் ஊரில் யாருக்கும் மறக்காது.

விண்டோஸை அழித்தால் காசு கொடுத்து வாங்கிய உரிமமும் போய்விடுமே என்று தயங்குகிறவர்கள் அதிகம். விண்டோஸ் 8 காலத்திலிருந்து, விண்டோஸோடு விற்கப்பட்ட கணினிகளில் உரிமக் குறியீடு மதர்போர்டிலேயே பதிந்திருக்கிறது. பின்னாளில் அதே பதிப்பை நிறுவினால் தானாகச் செயல்படத் தொடங்கும். போவது வேறு சில: தயாரிப்பாளர் கொடுத்த மீட்புப் பகுதி, சில நிறுவனங்களின் பயாஸ் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) புதுப்பிப்புக் கருவி. எனவே அழிப்பதற்கு முன் விண்டோஸுக்குள் கடைசியாக ஒருமுறை போய் பயாஸைப் புதுப்பித்துவிடுவது நல்லது. கோப்புகளை லினக்ஸிலிருந்து நகலெடுக்கப் போகிறீர்கள் என்றால் விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற விரைவுத் துவக்க வசதியை அணைத்துவிட்டு முழுமையாக மூடுங்கள். இல்லையென்றால் அந்த டிரைவ் பாதித் தூக்கத்தில் இருப்பதாக எண்ணி லினக்ஸ் அதைச் சரியாகத் திறக்காது.

மொத்தமாகத் துடைத்தல்

இதைத் தோல்வியாகப் பார்க்கும் மனப்பான்மை கணினி தெரிந்தவர்களிடம்தான் அதிகம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வட்டு லெகசி முறையில் இருந்து, கணினி யுஇஎஃப்ஐயை ஏற்கும் என்றால், ஒவ்வொன்றாக ஒட்டுப் போடுவதைவிடத் துடைத்து ஜிபிடி என்ற புதிய பார்ட்டிஷன் அட்டவணை முறைக்கு மாறுவது மேல். எம்பிஆர் அட்டவணை நான்கு முதன்மைப் பகுதிகளுக்கு மேல் தாங்காது, 2 டிபிக்கு மேல் பார்க்காது. யாரிடமிருந்தோ வாங்கிய பழைய கணினியில் என்னென்னவோ பகுதிகள் இருந்தாலும் இதே பதில்தான். பெரிய பகுதி ஒன்றை நகர்த்தியே ஆக வேண்டிய நிலையிலும் துடைப்பதுதான் வேகம். நகர்த்துவதற்கு முன் எப்படியும் பேக்கப் எடுக்கத்தான் போகிறீர்கள். எடுத்துவிட்ட பிறகு, நகர்த்துவதைவிடப் புதிதாக நிறுவுவது சீக்கிரம் முடியும்.

தேவை ஒரு 8 ஜிபி பென் டிரைவும் நல்ல பேக்கப்பும். நிறுவல் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். மென்பொருள்களையும் விருப்பங்களையும் பழையபடி கொண்டுவருவதில்தான் நாள் போகும். அதை விலையாகக் கொடுக்க முடியாதவர்கள் இந்தப் பக்கம் வர வேண்டாம்.

உள்ளே குடிவைத்தல்

லினக்ஸை வைத்திருந்த காரணம் டெர்மினலும் நிரல் எழுதும் கருவிகளும் மட்டும்தான் என்றால், விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் வசதி போதும். ஹோம் பதிப்பிலும் அது ஓடும். கல்லூரிப் பாடத்துக்காக உபுண்டு போட்டவர்களில் பெரும்பாலோருக்கு இதைத்தான் சொல்வேன். மறுபக்கம், லினக்ஸுக்குள் விர்ச்சுவல்பாக்ஸ் என்ற மெய்நிகர் இயந்திர மென்பொருளில் விண்டோஸ் வைப்பது எப்போதாவது ஒரு மென்பொருளைத் திறக்க உதவும். அதற்கு 8 ஜிபி ரேம் கண்டிப்பாக வேண்டும், 16 என்றால் நிம்மதி. மடிக்கணினியோடு வந்த உரிமம் மெய்நிகர் இயந்திரத்துக்குத் தானாகப் போகாது என்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். விளையாட்டுக்காக விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்த வழி சரிவராது.

இரண்டுமே விண்டோஸ் என்றால்

விண்டோஸ் 10ம் 11ம் அடுத்தடுத்து இருக்கும் கணினிகளில் எம்எஸ்கான்ஃபிக் கருவியின் 'பூட்' பக்கத்தில் வேண்டாததை நீக்கிவிட்டு, அதன் பார்ட்டிஷனை ஃபார்மேட் செய்தால் வேலை முடிந்தது. ஒரு பொறி உண்டு. பழைய விண்டோஸ் ஒரு வட்டிலும் புதியது இன்னொரு வட்டிலும் இருக்கும்போது, புதியதன் துவக்கக் கோப்புகளும் பழைய வட்டின் இஎஃப்ஐ பகுதியில்தான் இருக்கக்கூடும். பழைய வட்டைத் துடைத்ததும் இரண்டும் கிளம்பாது. இரண்டு வட்டுகளில் விண்டோஸும் லினக்ஸும் தனித்தனியாக இருப்பவர்களுக்கும் இது பொருந்தும். மேசைக்கணினியில் இதைச் சோதிப்பது எளிது: கணினியை அணைத்து, துடைக்கப்போகும் வட்டின் கேபிளைக் கழற்றிவிட்டுப் போட்டுப் பாருங்கள். வைத்திருக்க நினைக்கும் இயங்குதளம் கிளம்பினால் துடைக்கலாம். கிளம்பவில்லை என்றால் கேபிளைத் திரும்ப மாட்டி, மீதமிருக்கப்போகும் வட்டில் ஓர் இஎஃப்ஐ பகுதியை உருவாக்கி, விண்டோஸ் என்றால் பிசிடிபூட் கட்டளையாலும், லினக்ஸ் என்றால் கிரப்பை மறுபடி நிறுவியும் துவக்கக் கோப்புகளை அங்கே எழுதிவிட்டு மறுபடி கழற்றிச் சோதியுங்கள். கேபிள் கழற்றிய நிலையில் கிளம்பிய பிறகே ஃபார்மேட். எல்லாம் முடிந்ததும், நிறுத்திவைத்த பிட்லாக்கரை மீண்டும் இயக்கிவிடுங்கள்.